இழுத்துப் போட்டால் இணையதளமா?

ப்ராஜெக்ட் ரிவ்யூ சமயத்தில் எந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்குப் போனாலும் இந்தக் குரல் கேட்கும்: “மேம், என் லேப்டாப்ல நல்லா வந்துச்சு மேம்!”

பி.சி.ஏ. இரண்டாமாண்டு மாணவி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சொந்த ஊர்த் தேர்த் திருவிழாவைப் பற்றி ட்ரீம்வீவர் என்ற வெப் டிசைன் மென்பொருளில் ஒரு வெப்சைட் செய்திருக்கிறார். முகப்பில் தேர்ப் படம், பக்கவாட்டில் மெனு, கீழே நிகழ்ச்சி நிரல். அவருடைய லேப்டாப்பில் எல்லாம் ஜோர். ஃபைலைப் பென்டிரைவில் போட்டு ஆசிரியையின் கம்ப்யூட்டரில் திறந்தால் தேரைக் காணோம். அது நின்ற இடத்தில் வெற்றுக் கட்டம். மூலையில் கிழிந்த படத்தின் சின்னம்.

காரணம் அற்பமானது. டெஸ்க்டாப்பில் கிடந்த படத்தை மவுஸால் இழுத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறார். மென்பொருள் அதைப் பக்கத்துக்குள் ஒட்டிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். மென்பொருளோ, ‘சி டிரைவில், இன்னாருடைய டெஸ்க்டாப்பில், இந்தப் பெயரில் ஒரு படம் இருக்கிறது, அதை எடுத்துக் காட்டு’ என்று ஒரு வரி முகவரியை மட்டும் எழுதி வைத்தது. அந்த முகவரி அந்த ஒரு லேப்டாப்பைத் தாண்டினால் செல்லாது. வெப்சைட் என்பது ஒற்றை ஃபைல் அல்ல, ஒரு ஃபோல்டர். பக்கங்களும் படங்களும் அலங்காரத்துக்கான சி.எஸ்.எஸ். ஃபைலும் அதற்குள் இருந்துகொண்டு ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கின்றன. வேலையைத் தொடங்கும் முன், தளத்தின் ஃபோல்டர் எது என்று மென்பொருளுக்குச் சொல்லும் ‘சைட் டிஃபைன்’ செய்யச் சொல்வது இதற்காகத்தான். அந்தப் படியைத் தாண்டி நேரே கலருக்கும் ஃபான்டுக்கும் போய்விடுகிற வகுப்புகளே அதிகம்.

சரி, முகவரியைத் திருத்தி, இலவச ஹோஸ்டிங் ஒன்றில் தளத்தை ஏற்றியும் விட்டார். மறுபடியும் தேரைக் காணோம்! இந்த முறை குற்றவாளி ஆங்கிலப் பெரிய எழுத்து. போன் கேமராவிலிருந்து வந்த ஃபைலின் பெயர் பெரிய எழுத்தில் ‘ஜே.பி.ஜி.’ என்று முடிகிறது. பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். இணையத்தில் பெரும்பாலான சர்வர்கள் ஓடுவது லினக்ஸில். அதற்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. முகப்புப் பக்கத்துக்கு ‘இன்டெக்ஸ்’ என்று பெயர் வைக்காமல் ‘ஹோம்பேஜ் ஃபைனல் 2’ என்று வைத்துவிட்டு, முகவரியைத் தட்டினால் ஏன் ஒன்றும் வரவில்லை என்று முழிப்பவர்களும் உண்டு.

ஒரு வழியாகத் தேர் வந்துவிட்டது. ஆனால் போனில் திறந்தால் மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக இறங்குகிறது. போனில் எடுத்த படம் அது: 4000-க்கு 3000 பிக்சல், நாலைந்து எம்.பி. எடை. மூலையைப் பிடித்து இழுத்து உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிவிட்டதாக மாணவி நினைக்கிறார். சுருங்கியது பார்வைக்குத்தான். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருடைய டேட்டாவிலும் அந்த நாலைந்து எம்.பி. முழுசாக இறங்குகிறது. படத்தை முதலில் ஒரு எடிட்டரில் 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துச் சேமித்துவிட்டு, பிறகு பக்கத்தில் சேர்த்திருந்தால் எடை பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இந்தச் சிக்கல்கள் ஏன் வருகின்றன என்று சொல்லித் தரும் பட்டன் மென்பொருளின் மெனுவில் கிடையாது. மென்பொருள் மறைத்து வைக்கிற இடத்தில்தான் மாணவர் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் வழக்கே அதுதான்.

எழுதவும் படிக்கவும் ஒரே கருவி

வேர்ல்டு வைட் வெப்பைப் படைத்தவர், எழுத ஒரு கருவி, படிக்க வேறொரு கருவி என்ற பிரிவினையை நினைத்துப் பார்க்கவில்லை. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1990-ல் எழுதிய முதல் பிரவுசர், பக்கங்களைப் படிக்கவும் உதவியது, அதே திரையில் எழுதவும் உதவியது. அது ஓடியது நெக்ஸ்ட் என்ற விலையுயர்ந்த கம்ப்யூட்டரில். 1993-ல் வந்து உலகத்தையே இணையத்துக்கு இழுத்த மொசைக் பிரவுசர் படிக்க மட்டுமே உதவியது. பக்கம் எழுத வேண்டும் என்றால் நோட்பேடைத் திறந்து எச்.டி.எம்.எல். கோடு அடி என்றானது.

அந்தக் கஷ்டத்தைப் போக்கக் கிளம்பியவைதான் வெப் டிசைன் மென்பொருள்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வெர்மீர் என்ற சிறு கம்பெனி ஃப்ரன்ட்பேஜை உருவாக்கியது. 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதைச் சுமார் 13 கோடி டாலருக்கு வாங்கிப்போட்டது. வேர்டில் கடிதம் அடிக்கத் தெரிந்தவர் வெப்சைட்டும் செய்யலாம் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் நாம் கையால் எழுதிய கோடை அது தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிவிடும் என்பது அந்தக் காலத்து டிசைனர்களின் தீராத புலம்பல். 1997 டிசம்பரில் மேக்ரோமீடியா வெளியிட்ட ட்ரீம்வீவர் இந்த இடத்தில்தான் ஜெயித்தது. ‘நீ எழுதிய கோடில் நான் கை வைக்க மாட்டேன்’ என்பது அது கொடுத்த வாக்கு. பிற்பாடு ஒரே திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பக்கத்தின் தோற்றம், மறுபாதியில் அதன் கோடு என்று காட்டவும் செய்தது. 2005-ல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. விலை சுமார் 340 கோடி டாலர்.

நம் ஊரில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த 2000-கள் நினைவிருக்கிறவர்களுக்கு அந்த போர்டும் நினைவிருக்கும். ‘வெப் டிசைனிங்: எச்.டி.எம்.எல்., போட்டோஷாப், ஃப்ளாஷ், ட்ரீம்வீவர்.’ லேபில் ஓடியது பெரும்பாலும் திருட்டு சி.டி.யிலிருந்து ஏற்றிய மென்பொருள் என்பதை யாரும் ரகசியமாகக்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஃப்ளாஷில் ஒரு ‘இன்ட்ரோ’ செய்து, அதன் கீழே ‘ஸ்கிப்’ பட்டன் வைத்தால் அது அன்றைக்குப் பெரிய வித்தை. கம்பெனி லோகோ சுழன்று சுழன்று வரும். பார்ப்பவர்கள் தேடுவது அந்த ஸ்கிப் பட்டனைத்தான்.

மறைந்தவர்கள் பட்டியல்

அந்த போர்டில் இருந்தவையும் அவற்றின் கூட்டாளிகளும் என்ன ஆயின? ஃப்ளாஷை ஐபோனில் ஏற்க மாட்டோம் என்று 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதமே எழுதினார். தட்டுத்தடுமாறி ஓடிய ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31-ல் மங்களம் பாடியாயிற்று. ஃப்ரன்ட்பேஜை மைக்ரோசாஃப்ட் 2006-ல் கைவிட்டது. அடோபியின் இன்னொரு வெப் டிசைன் மென்பொருளான கோலைவ் 2008-ல் நின்றது. கோடே தெரிய வேண்டாம் என்று சொல்லி வந்த அடோபி மியூஸ் 2020-ல் ஆதரவை இழந்தது. ட்ரீம்வீவர் இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆனால் 2021-ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பிறகு பெரிய புதுப் பதிப்பு வரவில்லை. இன்றைய மாணவர்கள் கைவைப்பது 2016-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டிசைன் கருவியான ஃபிக்மாவில். அதை 2,000 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022-ல் அறிவித்த அடோபி, அடுத்த ஆண்டு டிசம்பரில் அந்த முயற்சியைக் கைவிட்டது.

மென்பொருள்கள் மட்டுமல்ல, அவற்றோடு கற்ற வித்தைகளும் போயின. ஒரு காலத்தில் பக்கத்தை வகுப்பதற்கு அட்டவணையைத்தான் பயன்படுத்தினார்கள். எல்லைக்கோடு தெரியாத அட்டவணைக் கட்டங்களுக்குள் மெனுவையும் படத்தையும் அடைத்து, இடைவெளிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தை நீட்டி வைப்பார்கள். சி.எஸ்.எஸ். 1996-லேயே தரமாகிவிட்டது என்றாலும் பிரவுசர்கள் அதை ஒழுங்காக மதிக்கப் பல வருடம் பிடித்தது. பிறகு கைபேசி வந்தது. 2010 மே மாதத்தில் ஈதன் மார்காட் என்ற டிசைனர், திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே மாறிக்கொள்ளும் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். மிச்சமிருந்த அட்டவணைக் கட்டட வேலையும் அதோடு ஆட்டங்கண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகின் முதல் வெப்சைட் இன்றும் திறக்கிறது. 1991-ல் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்ட அந்தத் தளத்தின் 1992-ஆம் ஆண்டுப் பிரதியை, 2013-ல் செர்ன் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் ஏற்றி வைத்தது. அதில் படம் கிடையாது, கலர் கிடையாது. தலைப்பு, பத்தி, இணைப்பு, அவ்வளவுதான். அன்றைய எந்த மென்பொருளும் கண்டிராத இன்றைய போனில் அது நொடியில் வருகிறது, திரை அகலத்துக்குள் அடங்கியும் நிற்கிறது. வெறும் எச்.டி.எம்.எல். செய்யும் வேலை அது.

பாடப்புத்தகத்தில் இருக்கிறது, ஆனால்...

‘அரசுப் பாடத்திட்டத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றுமே பாடமாக இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் பி.எச்.பி., மைஎஸ்.க்யூ.எல். வரைக்கும் போகிறார்கள். கூடவே, அச்சுக்குப் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரும் இருக்கிறது. 2019-ல் அந்தப் புத்தகம் வந்தபோது, பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0-க்கு வயது 18. ஊர் அச்சகங்களில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வேறு கதை.

குறை பாடத்தில் இல்லை, தேர்வில் இருக்கிறது. ‘பத்தியைக் குறிக்கும் ஒட்டு (டேக்) எது?’ என்று ஒரு மார்க் கேள்வி. ‘பட்டியல்களின் வகைகளை விவரி’ என்று ஐந்து மார்க் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுகிற பிள்ளைகள், கல்லூரியில் மென்பொருளைத் திறக்கும்போது தாங்கள் அன்று படித்ததுதான் இதன் அடியில் ஓடுகிறது என்பதை அறிவதே இல்லை. யாரும் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதில்லை.

காட்டுவது பெரிய காரியமும் அல்ல. மென்பொருளில் ‘ஸ்ப்ளிட் வியூ’வைப் போடுங்கள். டிசைன் பக்கம் தலைப்பைத் தொட்டால் கோடு பக்கம் அந்த வரி ஒளிரும். தலைப்பின் கலரை மாற்றினால் எந்த ஃபைலில் எந்த வரி மாறுகிறது என்று பாருங்கள். பிறகு அதே வரியைக் கையால் மாற்றி, தலைப்பு மாறுகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் இதையே செய்கிற மாணவருக்கு ஒரு மாத வகுப்பு மிச்சம். மென்பொருளே இல்லாவிட்டாலும் கவலையில்லை. பிரவுசரில் எந்தத் தளத்திலும் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட்’ கொடுத்தால் அந்தத் தளத்தின் எலும்பும் நரம்பும் தெரியும். அதிலேயே போன் அளவுக்குத் திரையைச் சுருக்கியும் பார்க்கலாம். உலகின் மிகப் பெரிய தளமும் தன் எச்.டி.எம்.எல்.லை மாணவரிடம் மறைக்க முடியாது. இந்தத் தொழிலில் இருக்கிற அருமையான வசதி அது.

தமிழில் செய்யும்போது

நம் பிள்ளைகள் செய்யும் தளங்களில் பாதிக்குப் பாதியாவது தமிழில் இருக்க வேண்டாமா? கேட்டால், “தமிழ் சரியா வராது சார்” என்கிறார்கள். அது பழைய பயம். ஒரு காலத்தில் நியாயமான பயமும்கூட.

இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா.கோவிந்தசாமி. 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைத் தளம் ஒன்றில் தமிழ்க் கவிதைகள் ஏறியபோது பின்னால் இருந்த உழைப்பில் அவருடையதும் உண்டு. அதன்பின் பல வருடங்கள், ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. ‘இந்த ஃபான்டை டவுன்லோடு செய்தால்தான் படிக்க முடியும்’ என்ற அறிவிப்பு எல்லா முகப்பிலும் தொங்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

ஆனால் டி.டி.பி. கடைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் சாகவில்லை. திருவிழா நோட்டீஸை பாமினியில் அடித்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே எடுத்து வெப்சைட்டில் ஒட்டினால் ‘தமிழ்’ என்ற சொல் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று விழும். பாமினி தமிழாகக் காட்டியதே ஒழிய, உள்ளே இருந்தது ஆங்கில எழுத்துகள்தான். மாணவர்கள் செய்கிற மாற்று ஏற்பாடு இன்னும் மோசம்: நோட்டீஸை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாகப் போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கு அது வெறும் படம். பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்க ஐந்து நிமிடம் ஆகாது.

யூனிகோடில் அடித்தும் கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துகளாக வருகிறதா? பக்கத்தின் தலைப் பகுதியில் யு.டி.எஃப்.-8 என்று அறிவிக்கும் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். அப்புறம், டெம்ப்ளேட்டை எடுத்துச் செய்பவர்கள் கவனிக்காத இன்னொன்று: பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று மேலேயே எழுதியிருக்கும். அதைத் தமிழ் என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஸ்கிரீன் ரீடர் தமிழை ஆங்கிலக் குரலில் உளற வாய்ப்புண்டு.

டெம்ப்ளேட் செய்தவர் தமிழை நினைத்து அளவு வைக்கவில்லை. வரிக்கும் வரிக்குமான இடைவெளி ஆங்கிலத்துக்குப் போதும்; தமிழில் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியை எழுத்தளவைப் போல 1.7 மடங்கு, 1.8 மடங்கு என்று வைத்தால் பக்கம் மூச்சு விடும். ஆங்கிலத்தில் ஆறெழுத்துச் சொல்லுக்காக அகலத்தை இறுக்கி வைத்த பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டால் வால் வெளியே தொங்கும். பட்டனின் அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போடாமல், உள்ளே இருக்கும் சொல்லுக்கேற்ப விரிய விட வேண்டும். இதெல்லாம் டிசைன் வியூவில் கண்ணுக்குப் படும். சரிசெய்வது கோடு வியூவில்தான்.

முகவரியையே தமிழில் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ மூன்றும் முறைப்படி உள்ள டொமைன்கள். நம் கல்லூரி ப்ராஜெக்ட்களில் இவற்றைப் பார்ப்பதே அபூர்வம்.

வாடகை வீடும் சொந்த வீடும்

இப்போதைய பிள்ளைகள் பலர் மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றுவதே இல்லை. பிரவுசரிலேயே திறந்து, டெம்ப்ளேட் எடுத்து, எழுத்தை மாற்றி, வெளியிட்டுவிடுகிறார்கள். வசதிதான். ஆனால் சில சேவைகளில் கட்டிய தளத்தை அங்கிருந்து பெயர்த்து வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது; வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில் டைல்ஸ் போட்ட கதை. 1990-களில் லட்சக்கணக்கானோர் பக்கம் கட்டிக் குடியிருந்த ஜியோசிட்டீஸை 1999-ல் யாஹூ வாங்கியது, 2009-ல் மூடியது. 2003-ல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் தொடங்கிய வேர்ட்பிரஸ் இதற்கு நேர்மாறு. இலவசம், கோடு முழுவதும் திறந்தது, மூட்டை கட்டி எந்த ஹோஸ்டிங்குக்கும் போகலாம். உலகத் தளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர் என்று ஊர்ப்பக்கம் ஒரு மாணவருக்குக் கிடைக்கிற முதல் சம்பாத்தியம் பெரும்பாலும் வேர்ட்பிரஸ் வேலைதான்.

அந்த முதல் வேலையில் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. டொமைனைக் கடைக்காரர் பெயரிலும் அவருடைய மெயிலிலும் பதிவு செய்யுங்கள். ‘தம்பி, நீயே உன் பேர்ல போட்டுடு’ என்பார். மறு வருடம் புதுப்பிக்கும் நேரத்தில் தம்பி பெங்களூரில் வேலையில் இருப்பார், கடையின் தளம் செத்துப்போகும், சண்டை வீடு வரைக்கும் வரும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ‘தேர்த் திருவிழாவுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடு’ என்று தட்டினால் முழுக் கோடும் வந்து விழுகிறது. இனிமேல் ஏன் கற்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஃப்ரன்ட்பேஜ் வந்தபோதும் இதையேதான் கேட்டார்கள். ஆனால் வந்து விழுவதை அப்படியே நம்ப முடியாது. இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் தளங்களின் லட்சணத்தையே பாருங்கள். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு 2024-ல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவி வைத்துச் சோதித்தது. அவற்றில் 95.9 விழுக்காட்டில், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த இடைஞ்சலான பிழைகள் இருந்தன. படத்துக்கு விளக்கம் எழுதாதது, வெளுத்த பின்னணியில் வெளுத்த எழுத்து என்று பெரும்பாலும் சாதாரணப் பிழைகள். இந்தத் தளங்களைப் பார்த்துப் படித்த இயந்திரம் எதை எழுதித் தரும்? வந்து விழும் கோடில் எந்த வரி தப்பு என்று கண்டுபிடிக்கிறவருக்குத்தான் நாளைக்குச் சம்பளம்.

பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெப் டிசைனிங் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் சென்டரில் உட்கார்ந்து கேளுங்கள். முடிக்கும்போது, இணையத்தில் ஏற்றிய ஒரு தளம் என் பிள்ளை கையில் இருக்குமா? கோடு வியூவைத் திறந்து சொல்லித் தருவீர்களா? தமிழில் ஒரு பக்கமாவது செய்ய வைப்பீர்களா? லேபில் இருப்பது முறையாக வாங்கிய மென்பொருளா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கம்ப்யூட்டரோடு வருகிற நோட்பேடும் இலவசமாகக் கிடைக்கிற விஷுவல் ஸ்டுடியோ கோடும் ஒரு பிரவுசரும் இருந்தால் முதல் மூன்று மாதம் வீட்டிலேயே கற்கலாம். தளத்தை ஏற்ற கிட்ஹப் பேஜஸ் இலவசமாகவே இடம் தருகிறது.